தலைகீழாகத் தொங்கும் வியாழன்

நம் ஆய்வுக்கூடத்தின் வரவேற்பறையில் இரண்டு படங்கள் அருகருகே தொங்குகின்றன. இரண்டுமே வியாழன் கோளின் படங்கள். ஒன்று நேராக இருக்கும், இன்னொன்று தலைகீழாக இருக்கும். போன வாரம் உங்களில் யாரோ ஒருவர் அந்தத் தலைகீழ்ப் படத்தை நேராக்கி மாட்டிவிட்டீர்களாம். அதற்காகப் படச் சட்டத்தின் எதிர் விளிம்பில் புதிதாக ஒரு வளையம் வேறு திருகியிருக்கிறீர்களாம். செய்தி அன்று மதியமே சூளகிரியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டது. வேலை சுத்தமாக இருந்தது என்றும் சொன்னார்கள்.

யார் என்று நான் கேட்கவில்லை. கோபமும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கோணலாக எதையாவது கண்டால் கை சும்மா இருக்காது. எனக்கு இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. அதனால் என்ன ஆனது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். படித்து முடித்ததும் படத்தை நீங்களே பழையபடி மாட்டிவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

என் பெயர் பிலோமினா. இங்கே வெப்பம் அளக்கும் கருவிகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் பிரிவில் இருந்தேன். சான்றிதழின் அடியில் கடைசிக் கையெழுத்து என்னுடையது. நான் போட்ட கையெழுத்தை நானே திரும்ப வாங்கியதில்லை என்பதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம் இருந்தது. அந்தக் கர்வம் எனக்கு நிறைய நல்லது செய்திருக்கிறது. ஒரே ஒரு தடவை கவிழ்த்துவிடப் பார்த்தது.

முதலில் உலைக் கதை. இங்கே வருவதற்கு முன்னால் ஓசூரில் கியர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். கியரை உலையில் சுட்டுக் கெட்டியாக்குவார்கள். உலைக்குள் எட்டு மூலையிலும் நடுவிலும் வெப்பம் அளக்கும் கம்பிகளைக் கட்டி, ஒன்பதும் ஒரே சூட்டைக் காட்டுகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. ஒன்று மட்டும் ஏறிக் காட்டினால் வேலையை நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் சூடு கூடிப்போனால் கியர் வண்டியில் போய் உடையும்.

அந்த உலையை ஓட்டியவர் ஜவளகிரிக்காரர். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். என்னைவிட இரண்டு வயது சின்னவர். பிற்பாடு நான் இந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது அவரும் வந்து, இங்கே இயந்திர வேலைகளைப் பார்த்தார். இதில் தன் பெயரை எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு நாள் உலையின் மேல் இடது மூலைக் கம்பி பன்னிரண்டு டிகிரி அதிகம் காட்டியது. சரக்கு ஏற்றிப் போக லாரி வாசலில் நிற்கிறது. கம்பி கெட்டுவிட்டது, மாற்றுங்கள் என்றேன். ஜவளகிரிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"கம்பியத் திட்டாதீங்க மேடம். மேல கீற கம்பிய கீழ கட்டுவோம், கீழ கீறத மேல கட்டுவோம். சூடு கம்பி கூடவே போவுதா, மூலையிலயே நிக்குதான்னு பாத்துடலாம்."

அரை ஷிப்டு போனது. மேனேஜர் மூன்று தடவை வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். கம்பிகளை இடம் மாற்றிக் கட்டிய பிறகும் அதே மூலைதான் சூடாகக் காட்டியது. உலையை ஆற விட்டுத் திறந்தால், உள்ளே தீயை மறைத்து நிற்க வேண்டிய செங்கல் ஒன்று நகர்ந்து கிடந்தது. கம்பி பாவம், உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. புதுக் கம்பி போட்டிருந்தால் அதுவும் அதையேதான் சொல்லியிருக்கும், அதையும் நான் திட்டியிருப்பேன்.

இந்தப் பாடத்தை நான் மறக்கவே மாட்டேன் என்று அன்று நினைத்தேன். மறந்தேன்.

வியாழன் வந்த கதை இது. தொலைவிலிருந்தே உலையின் சூட்டைப் படம் பிடிக்கும் கேமராக்களைத்தான் நாம் அதுவரை செய்துகொண்டிருந்தோம். பெங்களூரில் வானியல் ஆராய்ச்சி செய்யும் நந்தினி என்ற பெண் ஒரு நாள் வந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர். வடக்கே வெகு உயரத்தில், காற்றில் ஈரமே இல்லாத ஒரு மலையில் இருக்கும் தொலைநோக்கியில் பொருத்துவதற்கு இப்படி ஒரு கேமரா வேண்டும் என்றார். வியாழனின் காற்று மண்டலத்தில் எங்கே எவ்வளவு சூடு என்று அளக்க வேண்டுமாம். சூடு என்று அவர் சொன்னது பூஜ்யத்துக்குக் கீழே நூற்றைம்பது டிகிரி வாக்கில். ஆயிரம் டிகிரி உலைகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அதைச் சூடு என்று சொல்லவே வாய் வரவில்லை.

வியாழனைப் படம் பிடிக்கக் கேமரா செய்கிறோம் என்று தெருவில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எதிர் வீட்டு அம்மா தன் மகளுக்குக் குருப்பெயர்ச்சி எப்படி இருக்கும் என்று கேட்க ஆரம்பித்தார். நான் கிருஷ்ணகிரியில் மாதா கோயிலுக்குப் போகிறவள், எனக்கு அதெல்லாம் தெரியாது என்றாலும் விடவில்லை. கேமரா தயாராகும் வரை அந்தப் பெண்ணின் கல்யாணம் என் பொறுப்பு மாதிரி ஆகிவிட்டது.

கேமராவைத் தொலைநோக்கியில் பிடித்து வைக்க வட்டமான ஒரு பிளேட் செய்தோம். சுற்றிலும் போல்ட் வரும். வட்டமாக இருப்பதால் எந்தப் பக்கம் திருப்பினாலும் போல்ட் பொருந்தும். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தப்பாக மாட்ட வழி இருந்தால் ஒருவன் தப்பாகத்தான் மாட்டுவான். நம் ஊர்த் தொழிற்சாலையில் பத்து நாள் வேலை பார்த்தவர்களுக்குக்கூட இது தெரியும். பிளேட்டில் சுண்டு விரல் நீளத்துக்கு ஓர் எஃகுப் பின்னை இறுக்கி அடிக்கச் சொன்னேன். கேமராவில் அந்தப் பின்னுக்கு ஒரே ஒரு துளை. இனி தலைகீழாக மாட்ட வேண்டும் என்று நினைத்தாலும் மாட்ட முடியாது.

ஜவளகிரிக்காரர் பின்னை அடித்தார். ஆனால் அடிப்பதற்கு முன் பின்னின் தலையில் சின்னதாகத் துளை போட்டு, உள்ளே மரை கடைந்திருந்தார். டிராயிங்கில் இல்லாத வேலை. அரை நாள் போய்விட்டது.

"இது எதுக்கு?" என்றேன்.

"போல்ட்ட திருகி இழுத்தா பின்னு வந்துடும் மேடம். அடிச்சத கழட்டணும்னு ஒரு நாளு வரும்."

"வராது" என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். பேசாமல் இருந்தே ஆளைக் கடுப்பேற்றுவதில் கைதேர்ந்தவர்.

கேமரா மலையேறியது. நந்தினிக்கு அங்கே கிடைத்தது ஐந்து நாள் அவகாசம். ஐந்தாம் நாள் ஒரு குழு வந்து பார்த்து, கேமரா அங்கேயே இருக்கலாமா, கழற்றித் திருப்பி அனுப்பலாமா என்று முடிவு செய்யும். எங்கள் பதினாறு பேரின் ஒன்றரை வருட உழைப்பு அந்த முடிவில் இருந்தது. திரும்பி வந்தால் சான்றிதழில் இருக்கும் என் கையெழுத்தும் கூடவே திரும்பி வரும். நான் ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம்தான் இருந்தது.

இரண்டாம் நாள் காலையில் முதல் படம் மெயிலில் வந்தது. வியாழனில் கோடு கோடாகப் பட்டைகள் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வடக்கே இருந்த ஒரு பட்டை நல்ல ஆரஞ்சு நிறம், அதாவது சூடு. அதற்கு நேர் எதிராகத் தெற்கே இருந்த பட்டை மங்கிய நீலம், குளிர்ச்சி. சில டிகிரி வித்தியாசம் இருந்தது. பின்னாலேயே நந்தினியின் போனும் வந்தது.

"மேடம், மேல் பாதியில கேமரா கூட்டிக் காட்டுதோன்னு இருக்கு. பூமி சாஞ்சு சுத்துது, அதனாலதான் நமக்குக் கோடை, குளிர் எல்லாம். வியாழன் அநேகமா நிமிந்துதான் சுத்துது. வெயில் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் விழுது. வடக்கும் தெக்கும் இப்படி வேற வேறயா இருக்கக் காரணமே இல்லை."

சோதனையின்போது அந்தக் கேமராவின் மேல் பாதி துளி கூடுதலாகக் காட்டியது எனக்கு நினைவிருந்தது. அரை டிகிரிகூட இல்லை. அதைக் கணக்கில் எடுத்துத் திருத்தியும் இருந்தேன். ஆனாலும் பயம் வந்துவிட்டால் நினைவில் இருக்கும் அரை டிகிரி ஐந்து டிகிரியாக வளர்ந்துவிடும். மாலைக்குள் ஒரு திருத்தப் பட்டியல் போட்டேன். மேல் பாதியில் இவ்வளவு குறை, கீழ்ப் பாதியில் இவ்வளவு கூட்டு. வடக்கும் தெற்கும் சமமாகும் வரை எண்களை இழுத்துப் பிடித்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

அடுத்த நாள் காலையில் வந்த படம் கண்ணுக்கு அவ்வளவு லட்சணமாக இருந்தது. வடக்கும் தெற்கும் ஒரே நிறம். நந்தினி நன்றி சொல்லி எழுதியிருந்தார். நம் முதலாளி எல்லோருக்கும் பஃப்ஸும் டீயும் வாங்கி வரச் சொன்னார். ஜவளகிரிக்காரர் மட்டும் வந்திருக்கவில்லை. வரும் வழியில் தளி ரோட்டில் யானை நிற்கிறது என்று போன் செய்திருந்தார். நம் அலுவலகத்தில் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் ஒரே தாமதக் காரணம் அதுதான்.

பத்தரைக்கு வந்தார். கையில் ஆறிப்போன பஃப்ஸை வாங்கிக்கொண்டு, மேஜையில் கிடந்த இரண்டு பிரிண்டையும் பார்த்தார். முந்தின நாள் படம், அன்றைய படம். கொஞ்ச நேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இது நம்ம ஃபர்னஸா மேடம்?"

"என்ன கேக்கறீங்க?"

"இல்ல, ஃபர்னஸ்னா ஒம்பது மூலையும் ஒண்ணா இருக்கணும். நாம கட்டினது, நாம சொன்ன பேச்சு கேக்கணும். இத யாரு கட்டினாங்க? இது ஒண்ணா இருக்கணும்னு யாரு சொன்னது?"

அவ்வளவுதான் கேட்டார். கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். எட்டு மூலைதான், ஒன்பதாவது நடு என்று திருத்தக்கூட எனக்கு வாய் எழவில்லை.

வெட்கமாக இருந்தது. வேறு எந்த நல்ல வார்த்தையும் அதற்கு இல்லை. வாழ்நாள் முழுக்க உலைகளைச் சமமாக்கியவள், கைப் பழக்கத்தில் ஒரு கோளையே சமமாக்கிவிட்டேன். கேமராவில் கோளாறு இருக்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை. கோளாறு இருக்கிறது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு, அது மறையும் வரை எண்களை மாற்றினேன். அந்தத் திருத்தத்தைப் போட்டால் எந்தக் கோளை வேண்டுமானாலும் கேமரா பார்த்த முதல் நொடியிலேயே திரித்துக் காட்டும்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. அன்று அவர் சொன்னதை இன்றைக்கு உங்களில் யார் அந்த நாற்காலியில் இருந்தாலும் சொல்வீர்கள்.

"அவங்களே சரின்னுட்டாங்க மேடம். நாளைக்கு மறுநாள் கமிட்டி வருது. இந்தப் படத்தக் காட்டினா பாஸ் ஆயிடும். நாமளா போயி எதுக்குக் கிளறணும்?"

"பாஸ் ஆவும் சார். ஆனா அது வியாழனோட படமா இருக்காது. என்னோட படமா இருக்கும்."

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

என் மேஜைக்கு வந்து, திருத்தப் பட்டியலின் நகலை எடுத்துக் குறுக்கே எழுதினேன்: ரத்து. வடக்கும் தெற்கும் சமம் என்று நான் வைத்துக்கொண்டது தவறு. கீழே கையெழுத்துப் போட்டேன். என் சொந்தப் பெயரை எழுத அவ்வளவு நேரம் ஆனது அன்றைக்குத்தான். அனுப்பிவிட்டு நந்தினிக்குப் போன் செய்தேன்.

"மேடம், நேத்து நீங்கதானே கையெழுத்துப் போட்டு அனுப்புனிய. இன்னைக்கு வேண்டாங்கியளே. நான் எந்தப் பிலோமினா மேடத்த நம்புதது?"

"ரெண்டு பேரையும் நம்பாதீங்க. கேமராவத் தலைகீழாத் திருப்பி மாட்டிப் பாருங்க. கேமராவுல கோளாறுன்னா, திருப்பின கேமரா தெற்குப் பட்டையச் சூடாக் காட்டும். வியாழன்லயே அப்படித்தான்னா, கேமராவ எப்படித் திருப்பினாலும் வடக்குதான் சூடா இருக்கும்."

கேமராவைத் திருப்ப வேண்டுமென்றால் அதைச் சூடேற வைத்து, கழற்றி, மாட்டி, மறுபடி குளிர்விக்க வேண்டும். மிச்சம் இருந்த இரண்டு நாளில் ஒன்று அதிலேயே போய்விடும். மறு நாள் கையில் ஒரே ஒரு படம் இருக்கும். அது எங்களுக்கு எதிராக இருந்தால் கேமரா கீழே இறங்கும், நந்தினிக்கு அடுத்த வாய்ப்பு அடுத்த வருடம்தான். ஏற்கெனவே ஜெயித்துவிட்ட ஒன்றைப் பணயம் வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும்.

"பொய்ப் படத்த வச்சு என்ன செய்ய" என்றார் கடைசியில். "ஆனா மேடம், திருப்பி மாட்ட முடியாதே. ஒரு பின் அடிச்சு வச்சிருக்கியளே."

நான் திரும்பி ஜவளகிரிக்காரரைப் பார்த்தேன். வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் பல் தெரிந்தது.

மூன்று மணிக்கு வீடியோ காலில் பின்னைக் கழற்றும் வேலை நடந்தது. மலையில் இருந்த டெக்னீஷியனுக்கு இந்தி மட்டும் வரும். நம்மவருக்கு இந்தியைத் தவிர எல்லாம் வரும். நந்தினி நடுவில் மொழிபெயர்க்கத் தொடங்கியதுமே, "பேடா, பேடா, நான் காட்டறேன்" என்று கன்னடத்தில் வேண்டாம் சொல்லித் தடுத்துவிட்டார். அதே மாதிரி இன்னொரு பின்னைக் கட்டையில் அடித்து வைத்து, போனுக்கு முன்னால் பிடித்து, தலையில் போல்டைத் திருகி, ஒரு வாஷரையும் நட்டையும் போட்டு மெல்ல இறுக்கினார். "நோடி, நோடி" என்று, பாருங்க பாருங்க என்பதையும் கன்னடத்திலேயே சொல்லிக்கொண்டு வந்தார். பின் மயிரிழை மயிரிழையாக மேலே ஏறியது. அந்தப் பக்கம் அந்த டெக்னீஷியன் பையனின் கையும் அப்படியே செய்தது. பத்து நிமிடத்தில் பின் வெளியே வந்தது. பிளேட்டில் ஒரு கீறல் இல்லை. டிராயிங்கில் இல்லாத அந்த அரை நாள் வேலையை நான் மதிக்கவில்லை என்பதை அவர் ஒரு வார்த்தைகூட நினைவுபடுத்தவில்லை. நான்தான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

மறு நாள் காலை யானை எழுவதற்கு முன்னால் கிளம்பிவிட்டாராம் மனிதர். நான் ஆபீசுக்குள் நுழைந்தபோது எனக்கு முன்பே உட்கார்ந்திருந்தார். முதலாளி வந்தார். எல்லோரும் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். எட்டே முக்காலுக்கு மெயில் வந்தது. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன். ஜவளகிரிக்காரர் கையை நீட்டி மௌஸைத் தட்டினார்.

கேமரா தலைகீழாக இருந்ததால் வியாழனும் தலைகீழாக இருந்தது. வடக்கு கீழே, தெற்கு மேலே. ஆரஞ்சுப் பட்டை கீழே இருந்தது.

எனக்கு முதலில் புரிந்தது, பிறகு நம்பிக்கை வந்தது, பிறகு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் என்னுடையது என்று மற்றவர்கள் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முதலாளி ஜவளகிரிக்காரரைக் கட்டிப் பிடித்துத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. யாரோ அழுதார்கள், அது நான் இல்லை என்று இன்றுவரை சாதித்து வருகிறேன். நம் கேமரா சரி. அந்தக் கோளில்தான் வடக்கு சூடாக இருக்கிறது, தெற்கு குளிர்ந்திருக்கிறது. கோடையும் குளிரும் இல்லாத இடத்தில், நாங்கள் யாரும் எதிர்பார்க்காதபடி இருக்கிறது. நம் தொழிற்பேட்டையில் செய்த கேமரா அதை நேராகப் பார்த்து நேராகச் சொன்னது. அதன் வாயைப் பொத்தப் போனவள் நான்.

ஜவளகிரிக்காரர் மட்டும் அமைதியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சூடு மூலையிலயே நிக்குது மேடம்" என்றார்.

குழு இரண்டு படங்களையும் பார்த்தது. ரத்து என்று எழுதிய என் தாளையும் நந்தினி அவர்கள் முன் வைத்தாராம். வைக்க வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. கேமரா இன்றும் அந்த மலையில் இருக்கிறது. இரண்டு படங்களையும் ஒன்றோடொன்று கழித்துப் பார்த்ததில், கேமராவின் குறை அரை டிகிரிக்கும் கீழே என்று தெரிந்தது. சான்றிதழில் நான் முதலில் எழுதியதும் அதுவேதான். வேறு ஊர்களில் நெடுங்காலமாக வியாழனைப் பார்த்துவருகிறவர்களும் இப்படி ஒன்றைக் கண்டிருக்கிறார்கள் என்று நந்தினி பிறகு சொன்னார். வடக்கே ஏறும்போது தெற்கே இறங்குமாம், பிறகு அதுவே மாறுமாம். எதனால் என்று இன்னும் முழுதாக யாருக்கும் தெரியாதாம். அதைக் கேட்டபோது எனக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது. எதிர் வீட்டுப் பெண்ணுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. அதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

உங்களுக்குக் கொடுக்கும் வேலையெல்லாம் எதையாவது சமமாக்குவதுதான். உலையை, அச்சை, அளவுகோலை. கை அதற்கே பழகிவிடும். ஆகவே ஓர் எண் ஒட்டாமல் நின்றால் திருத்துவதற்கு முன் அதை இடம் மாற்றிக் கட்டிப் பாருங்கள். கையெழுத்துப் போடும்போது அதைத் திரும்ப எடுக்கும் வழியையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். நான் கையெழுத்துப் போட்ட தாள்கள் நம் அலமாரியில் ஆயிரக்கணக்கில் இருக்கும். எனக்குப் பெருமையானது அந்த ரத்துத் தாள்தான்.

இனி படத்துக்கு வருகிறேன். கேமரா நிமிர்ந்து நின்று எடுத்தது ஒன்று, கவிழ்ந்து நின்று எடுத்தது இன்னொன்று. இரண்டாவதை நேராக்கினால் இரண்டும் ஒரே மாதிரி ஆகிவிடும், பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். நாளைக்குக் காலையில் அதைக் கழற்றும்போது சுவரில் அது எதில் தொங்குகிறது என்று ஒரு தடவை பாருங்கள். அது ஆணி இல்லை. தலையில் மரை கடைந்த எஃகுப் பின். மலையிலிருந்து அந்தப் பையன் கூரியரில் அனுப்பி வைத்தது. தலைகீழாக மாட்டவே முடியக் கூடாது என்று நான் அடிக்கச் சொன்ன பின்னைச் சுவரில் அடித்து, அதில் அந்தப் படத்தைத் தலைகீழாக மாட்டியவர் ஜவளகிரிக்காரர்.